தாளுக்குப் பின்னால் மின்மினிகள்: ஓவியம், மின்சுற்று, நிரல் மூன்றும் சேரும் ஒரு செய்முறை

ஒரு நீர்வண்ண ஓவியத்தின் பின்னால் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவை எப்போது, எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதை நிரல் எழுதித் தீர்மானிப்பது வீட்டு மேசையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலைதான். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் லியா பியூக்லியும் ஜீ சீயும் 2010 வாக்கில், விரித்தால் எழுந்து நிற்கும் தாள் உருவங்களுக்குள் விளக்குகளையும் உணரிகளையும் பொதித்துக் காட்டினார்கள். அதன் பிறகு இந்தக் கைவேலை 'தாள் மின்சுற்று' என்ற பெயரில் பள்ளிகளிலும் பயிலரங்குகளிலும் பரவியது. ஆனால் நமக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை ஒரு வாழ்த்து அட்டை, ஒரு பொத்தான் பேட்டரி, ஒரு எல்இடி என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் மின்சுற்றை முதலில் ஒட்டிவிட்டு, அதை மறைப்பதற்காகவே படம் வரையச் சொல்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. படம் முதலில் முடிய வேண்டும். ஒளி எங்கே தேவை என்பதைப் படம் சொல்ல வேண்டும். மின்சுற்று அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். அதற்கு எளிய வழி, ஓவியத்தையும் மின்சுற்றையும் ஒரே தாளில் சேர்க்காமல் தனித்தனித் தாள்களில் செய்து, இடையில் ஒளி பரவ ஓர் அடுக்கை வைப்பது.

எடுத்துக்காட்டாக நாம் செய்யப்போவது மின்மினிகள் நிறைந்த ஓர் இரவுக் காட்டின் படம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் பெருந்திரளான மின்மினிகள் மரம் மரமாக ஒருசேர மின்னி அணைவது பதிவு செய்யப்பட்டது. தனித்தனியாக மின்னத் தொடங்கும் பூச்சிகள், எந்தத் தலைமையும் இல்லாமல் சிறிது நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. இந்த நடத்தையை மிகச் சில வரிகளில் நிரலாக எழுத முடியும் என்பதால், ஓவியத்துக்கும் நிரலுக்கும் இதைவிடப் பொருத்தமான பாடுபொருள் கிடைப்பது அரிது.

தேவையான பொருள்கள்

ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள நீர்வண்ணத் தாள் ஒன்று, அதே அளவில் 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் போர்டு ஒன்று, 5 மில்லிமீட்டர் அகலமுள்ள காப்பர் டேப் ஒரு சுருள் ஆகியவை தாள் வேலைக்குப் போதும். மின்னணுப் பொருள்களில் ஆர்டுவினோ நானோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு பலகை ஒன்று, 1206 அளவிலான மேற்பரப்பு எல்இடிகள் (நீண்ட கால்கள் இல்லாத தட்டையான வகை) 12, அதே அளவில் 470 ஓம் மின்தடைகள் 12, ஓர் எல்டிஆர் (விழும் ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உணரி), சாதாரண 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, டிடிபி223 என்ற தொடு உணரிப் பலகை ஒன்று, மெல்லிய பல இழை ஒயர் ஆகியவை வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். மற்றவர்கள் இணையக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். 1206 என்பது 3.2 மில்லிமீட்டர் நீளமும் 1.6 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அளவு. அரிசி மணியைவிடச் சிறியது என்றாலும், இடுக்கியும் சற்றுப் பொறுமையும் இருந்தால் கையாலேயே பற்றவைத்துவிடலாம்.

எல்இடி வாங்கும்போது நிறத்தைப் பற்றி ஒரு சொல். கடையில் 'பச்சை' என்று கேட்டால் இரண்டு வகைகளில் ஒன்றைத் தருவார்கள். ஒன்று பழைய வகை. மஞ்சள் கலந்த பச்சை, ஏறத்தாழ 570 நானோமீட்டர் அலைநீளம், 2.1 வோல்ட் அளவிலேயே எரியும். மற்றது போக்குவரத்து விளக்கில் பார்க்கும் அடர்பச்சை. அதற்கு 3 வோல்ட் தேவைப்படும், ஒளியும் பல மடங்கு கூடுதல். மின்மினிக்கு உரிய நிறம் முதல் வகையே. மங்கலானது, விலை மலிவானது என்று பலரும் ஒதுக்கிவிடும் அந்த எல்இடிதான் இந்தப் படத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

மின்கடத்தும் மை, மின்கடத்தும் வண்ணம் என்று விற்கப்படுபவற்றை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன் அடிப்படையிலான அந்த வண்ணங்களின் மின்தடை அதிகம். நீண்ட கோடாக வரைந்தால் விளக்கு மங்கிப்போகும். தொடு உணரிக்கான திட்டு வரைய அவை பயன்படும். விளக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லச் செம்புதான் வேண்டும்.

ஓவியத்தாள்

முதலில் ஒரு டிரேசிங் தாளில் படத்தின் கோட்டுருவத்தை வரைந்து, 12 மின்மினிகளின் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மூலைகளிலும் ஒரு கூட்டல் குறி இடுங்கள். இந்த ஒரே டிரேசிங் தாளிலிருந்துதான் மூன்று அடுக்குகளுக்கும் புள்ளிகள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் தனியாக அளந்து குறித்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகு தவிர்க்க முடியாதது. ஒளிப்புள்ளிக்கு அந்தப் பிசகு மிகப் பெரியது.

தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் டேப்பால் ஒட்டிவிட்டு வண்ணம் தீட்டத் தொடங்கலாம். இங்கே நினைவில் கொள்ள வேண்டியது, எந்த வண்ணம் ஒளியை விடும், எது விடாது என்பதுதான். நீர்வண்ணம் மெல்லிய படலமாகப் படிவதால் பின்னாலிருந்து வரும் ஒளி அதன் நிறத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வரும். போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் கெட்டியாகப் பூசினால் ஒளியை மறித்துவிடும். ஆகவே வானத்தையும் மரங்களுக்கிடையே உள்ள வெளியையும் இண்டிகோ நீலத்தில் மெல்லிய நீர்வண்ணமாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காய விட்டு, கடைசியில் அடிமரங்களையும் முன்னால் உள்ள புதர்களையும் கருப்பு அக்ரிலிக்கில் தீட்ட வேண்டும். மேல் மூலையில் தாளின் வெண்மையை அப்படியே விட்டு ஒரு நிலவு அமையட்டும். ஓர் அடிமரத்தில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொந்து ஒன்றும் வேண்டும். எல்டிஆர் அதன் வழியாகத்தான் அறையைப் பார்க்கும்.

வண்ணம் காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, தாளின் பின்னால் கைபேசியின் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். பகலில் சீராகத் தெரிந்த வானத்தில் தூரிகை நின்ற இடம், வண்ணம் தேங்கிய இடம், தாளின் நார் எல்லாம் அப்போது தெரியும். சில கறைகள் மேகம்போல அழகாகவே இருக்கும்; பொருந்தாத இடங்களைத் தாளின் பின்பக்கத்தில் கருப்பு பூசி மறைத்துவிடலாம். ஒளி புகும் ஓவியத்தில் பின்பக்கமும் ஓவியப் பரப்புதான். ஒவ்வொரு மின்மினிப் புள்ளியைச் சுற்றியும் பின்பக்கத்தில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெற்றிடம் விட்டு, மற்ற இடங்களைக் கருப்பாக்கினால் ஒளி கசியாது. அந்த வெற்றிடத்தில் இளமஞ்சள் நீர்வண்ணத்தைப் பின்னால் பூசினால், பகலில் அது கண்ணில் படாது. விளக்கு எரியும்போது மட்டும் முன்னால் தெரியும். பாரிஸில் 1822-இல் டயோரமா அரங்கைத் தொடங்கிய டாகெர், 1834-இலிருந்து திரைச்சீலையின் இரு பக்கமும் ஓவியம் தீட்டி, ஒளி முன்னிருந்து பின்னுக்கு மாறும்போது பகற்காட்சி இரவுக்காட்சியாக மாறும்படி செய்தார். நாம் செய்வது அதன் சிறு வடிவமே.

அடுத்து ஊசித்துளை. 200 ஜிஎஸ்எம் தாள் வழியாக வரும் ஒளி பஞ்சுபோலப் பரவிய வட்டமாகத்தான் தெரியும். அதில் பூச்சி இல்லை, வெறும் மங்கல் ஒளி மட்டுமே இருக்கும். அந்த வட்டத்தின் நடுவில் மெல்லிய தையல் ஊசியால் ஒரே ஒரு துளை இட்டால், கூர்மையான புள்ளியும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும் சேர்ந்து உயிர் வந்துவிடும். ஊசியை முன்பக்கத்திலிருந்து செங்குத்தாக இறக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து குத்தினால் தாளின் நார் முன்னால் பிதுங்கி, பகலில் வெள்ளை மருவாகத் தெரியும். நம் தோல்பாவைக் கூத்தில் பாவையின் நகைகள் திரையில் மின்னுவதும் இதே உத்தியால்தான்: ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய தோலில் வண்ணம் நிறத்தைத் தருகிறது, குத்திய துளைகள் மினுக்கைத் தருகின்றன. 12 புள்ளிகளுக்கும் துளையிட வேண்டியதில்லை. ஏழெட்டுக்கு மட்டும் இட்டு, மற்றவற்றைத் துளையின்றி விட்டால் அவை தூரத்து மின்மினிகளாகத் தோன்றும்.

நடு அடுக்கு

ஃபோம் போர்டில் ஒவ்வொரு புள்ளியிலும் 15 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். மேற்பரப்பு எல்இடியின் ஒளி அகலமான கோணத்தில் விரியும் என்பதால், 5 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அது இந்த வட்டத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். துளையின் உள் சுவர் வெள்ளையாகவே இருக்கலாம். எல்டிஆருக்கும் தொடு உணரிக்கும் தனித் துளைகள் வெட்டுங்கள். நானோ பலகையையும் அதன் ஒயர்களையும் கீழ் ஓரத்தில் வைக்கப்போவதால் அந்த இடத்தில் போர்டைச் செவ்வகமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். இந்த அடுக்கில் வேறு வேலை இல்லை.

மின்சுற்றுத் தாள்

ஆர்டுவினோ நானோவில் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி, அதாவது பிடபிள்யூஎம், ஆறு முனைகளில் மட்டுமே உண்டு: டி3, டி5, டி6, டி9, டி10, டி11. ஆகவே ஒரு முனைக்கு இரண்டு மின்மினிகள். 5 வோல்ட்டில் 470 ஓம் மின்தடையோடு 2.1 வோல்ட் எல்இடி ஏறத்தாழ 6 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு முனைக்கு 12, மொத்தம் 75-க்குச் சற்றுக் குறைவு. ஒரு முனைக்கு 20, சில்லு முழுமைக்கும் 200 மில்லி ஆம்பியர் என்ற வரம்புகளுக்குள் இது தாராளமாக அடங்கும். ஒவ்வோர் எல்இடிக்கும் தனி மின்தடை வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகூட ஒன்றைப் பிரகாசமாகவும் மற்றதை மங்கலாகவும் காட்டும். ஒரே முனையில் இணைந்த இரண்டு மின்மினிகளைப் படத்தில் அருகருகே வைக்காதீர்கள். ஒன்று இடக்கோடியில், மற்றது வலப்பக்கப் புதரில் என்று பிரித்து வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மின்னுவதைக் கண் கண்டுபிடிக்காது.

புள்ளிகளை அட்டைக்கு மாற்றிய பிறகு, காப்பர் டேப் போகும் வழியைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். எல்லா எல்இடிகளின் எதிர்மின்முனைக்கும் பொதுவான தரைக்கோடு (நானோவின் ஜிஎன்டி முனைக்குப் போவது) ஒன்று அட்டையின் ஓரமாகச் சுற்றி வரட்டும்; பிடபிள்யூஎம் முனைகளிலிருந்து வரும் ஆறு நேர்மின் கோடுகள் கீழிருந்து மேலே கிளை பிரியட்டும். மூலை வரும் இடத்தில் டேப்பை வெட்டி இன்னொரு துண்டை மேலே ஒட்டக் கூடாது. மலிவான டேப்புகளில் பசை மின்சாரத்தைக் கடத்தாது. பார்வைக்கு ஒட்டியிருக்கும், மின்சாரம் போகாது. டேப்பைப் போகும் திசைக்கு எதிராக ஒருமுறை பின்னால் மடித்து, நகத்தால் அழுத்தி, பிறகு தேவையான பக்கம் திருப்பினால் ஒரே துண்டாகவே மூலை திரும்பிவிடும். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்க நேரும் இடத்தில் கீழ்க்கோட்டின் மேல் சிறு தாள் துண்டை ஒட்டிவிட்டு, அதன்மேல் அடுத்த கோட்டைக் கொண்டுபோகலாம்.

எல்இடியும் மின்தடையும் வரும் இடங்களில் டேப்பில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பாகத்தை இரு கரையிலும் படும்படி வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் செம்பை அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். விரல் பட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் ஈயம் உருண்டு ஓடும். முதலில் ஒரு கரையில் மட்டும் சிறிதளவு ஈயத்தை உருக்கி வையுங்கள். இடுக்கியால் பாகத்தைப் பிடித்தபடி அந்த ஈயத்தை மீண்டும் உருக்கி, பாகத்தின் முனையை அதற்குள் நகர்த்தி, சூட்டுக்கோலை எடுத்துவிட்டு இரண்டு நொடி அசையாமல் பிடித்திருந்தால் அது நின்றுவிடும். பிறகு மறுகரை. சூட்டுக்கோலை ஓரிடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்தால் பசை உருகி டேப் நழுவும், அட்டையும் பழுப்பாகும். எல்இடியின் எதிர்மின்முனையில் பெரும்பாலும் பச்சைக் குறி இருக்கும். ஆனால் குறியிடும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், முதல் ஒன்றை மல்டிமீட்டர் என்ற மின்சோதனைக் கருவியின் டையோடு நிலையில் சோதித்துவிட்டு மற்றவற்றைப் பொருத்துவது நல்லது.

நானோவின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பவை. 5 மில்லிமீட்டர் டேப்பை நேரடியாக அவற்றுக்குக் கொண்டுபோக முடியாது. டேப் கோடுகளை அட்டையின் கீழ்ப்பகுதியில் விசிறிபோல விரித்து முடித்து, அங்கிருந்து நானோவுக்குக் குட்டையான ஒயர்களைப் பற்றவையுங்கள். எல்டிஆரின் ஒரு கால் 5 வோல்ட்டுக்கும், மறுகால் ஏ0 முனைக்கும் போக வேண்டும். ஏ0-விலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரைக்கு ஓர் இணைப்பு. இந்த அமைப்பில் வெளிச்சம் கூடினால் ஏ0-வில் எண் கூடும், இருட்டினால் குறையும். தொடு உணரியின் மூன்று கால்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று தரைக்கு, வெளியீடு டி2-வுக்கு. எல்டிஆருக்கும் தொடு உணரிக்கும் ஒயர்கள் நீளமாகவும் இளக்கமாகவும் இருக்கட்டும், இல்லையெனில் பின்னர் அடுக்குகளைப் பிரிக்க முடியாது.

மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, 5 வோல்ட் கோட்டுக்கும் தரைக்கோட்டுக்கும் இடையே ஒலி எழுகிறதா என்று பாருங்கள். ஒலித்தால் எங்கோ குறுக்கே ஒட்டியிருக்கிறது என்று பொருள். பிறகு சாதாரணக் கைபேசி சார்ஜரை நானோவின் யுஎஸ்பி முனையில் செருகினால் போதும். சிஆர்2032 பொத்தான் பேட்டரி ஒற்றை எல்இடி அட்டைக்குப் பொருந்தும், நானோவை ஓட்டாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறந்த நிலையில் தாளில் ஒட்டி வைப்பதே ஆபத்து. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரியையும் தாள்களுக்கு நடுவில் அடைக்க வேண்டாம்.

நிரல்

சந்தையில் கிடைக்கும் நானோக்கள் பெரும்பாலும் நகல் பலகைகள். அவற்றில் சிஎச்340 என்ற சில்லு இருப்பதால் சில கணினிகளில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். நிரல் ஏறாமல் பிழை காட்டினால், ஆர்டுவினோ மென்பொருளின் பட்டியலில் பிராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பலருக்கும் அதோடு சிக்கல் தீரும்.

மின்மினிகளை ஒருசேர மின்ன வைக்க ஆறு முனைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றி அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் அது கடைவாசல் சீரியல் விளக்கு ஆகிவிடும். தாறுமாறான மின்னலிலிருந்து மெல்ல மெல்ல ஒழுங்கு பிறப்பதுதான் பார்க்கத் தகுந்தது. ரெனாட்டோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணிதவியலாளர்கள் 1990-இல் இதற்கு ஓர் எளிய மாதிரியை ஆராய்ந்து, அது ஏறக்குறைய எந்தத் தொடக்க நிலையிலிருந்தும் ஒத்திசைவை அடையும் என்று நிறுவினார்கள். ஒவ்வொரு மின்மினிக்கும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது நிறைந்ததும் மின்னிவிட்டுச் சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. அடுத்தவர் மின்னுவதைக் கண்டால் தன் கடிகாரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதை நிரலாக்குவது இப்படி. முனைக்கு ஒன்றாக ஆறு உறுப்புகள் உள்ள ஓர் அணியை (எண்களின் வரிசையை) 'கடிகாரம்' என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் 0 முதல் 14999 வரை ஒரு தற்செயல் எண்ணைக் கொடுங்கள். எங்கும் இணைக்காத ஓர் அனலாக் முனையின் அளவை, தற்செயல் எண்களின் தொடக்கத்தை மாற்றும் ரேண்டம்சீட் கட்டளைக்குத் தந்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தொடக்கம் வேறாக அமையும். பிறகு 10 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாக் கடிகாரங்களோடும் 100-ஐக் கூட்ட வேண்டும். 15000-ஐத் தொட ஒன்றரை நொடி ஆகும். ஒரு கடிகாரம் 15000-ஐத் தொட்டால், அந்த மின்மினி மின்னத் தொடங்கியதாகக் குறித்து, அதைச் சுழியமாக்கி, மற்ற ஐந்தின் மதிப்பையும் அதனதன் இருபதில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இந்தத் தள்ளலால் வேறு ஏதாவது 15000-ஐத் தாண்டினால் அதுவும் இதே கணத்தில் மின்னியதாகக் கொண்டு, அதற்கும் அதே விதி. புதிதாக எதுவும் தாண்டாத வரை இந்தச் சரிபார்ப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். சேர்ந்து மின்னிய இரண்டும் சுழியத்தில் நிற்கின்றன. சுழியத்தின் இருபதில் ஒரு பங்கு சுழியமே என்பதால் அவற்றைப் பிரிக்கவோ பாதுகாக்கவோ தனி விதி தேவைப்படுவதில்லை. ஒருமுறை சேர்ந்தவை சேர்ந்தே இருக்கும். இந்த ஒரு கணக்கின் நேர்த்திக்காகவே இந்த நிரலை எனக்குப் பிடிக்கும்.

தள்ளும் பங்கு பெரிதானால் சில சுற்றுகளிலேயே எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடும். சிறிதானால் நெடுநேரம் ஆகும். இருபதில் ஒன்று என்றால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஒத்திசைவு வரும். நாற்பதில் ஒன்று வைத்துப் பார்த்தால், பார்ப்பவர் அந்த மாற்றத்தைக் கவனிக்காமலேயே அது நடந்து முடிந்திருக்கும்.

ஒளியின் ஏற்ற இறக்கத்துக்கு இன்னோர் அணி. மின்னத் தொடங்கிய மின்மினியின் 'ஒளி' மதிப்பு 10 மில்லிநொடிக்கு 10 வீதம் 100 வரை ஏறட்டும், பிறகு 2 வீதம் இறங்கட்டும். விரைவாக ஏறி அரை நொடியில் மெல்ல அணையும். இந்த மதிப்பை அப்படியே, முனையின் ஒளி அளவை வைக்கும் அனலாக்ரைட் கட்டளைக்குத் தரக் கூடாது. நம் கண் குறைந்த ஒளியில் சிறு மாற்றத்தையும் பெரிதாக உணரும், மிகுந்த ஒளியில் பெரிய மாற்றத்தைக்கூடக் கவனிக்காது. ஆகவே நேர்விகிதத்தில் இறக்கினால் நெடுநேரம் பிரகாசமாக இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று அணைந்ததுபோலத் தோன்றும். மதிப்பை அதனாலேயே பெருக்கி 40-ஆல் வகுத்துக் கொடுங்கள்: 100 என்பது 250 ஆகும், 50 என்பது 62 ஆகும், 10 என்பது 2 ஆகும். அணைதல் இப்போது இழைந்து வரும்.

நேரம் பார்க்க டிலே கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம். அது நிரலையே நிறுத்திவைப்பதால், ஆறு முனைகளின் மின்மினிகளும் தொடு உணரியும் எல்டிஆரும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும். பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிநொடிகளைச் சொல்லும் மில்லிஸ் கட்டளை தரும் எண்ணைக் குறித்துவைத்து, 10 கடந்ததா என்று, திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியின் ஒவ்வொரு சுற்றிலும் பார்ப்பதே முறை.

இருட்டும் தொடுதலும்

பகலில் இந்தப் படம் வெறும் ஓவியமாக இருக்க வேண்டும். அறை இருட்டினால் மட்டுமே மின்மினிகள் வர வேண்டும். ஏ0-வின் அளவு 0 முதல் 1023 வரை வரும். உங்கள் அறையில் விளக்கு எரியும்போது எவ்வளவு, அணைத்தால் எவ்வளவு என்பதை ஆர்டுவினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் சாளரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் ஒவ்வோர் அறைக்கும் வேறு. ஒரே எல்லை எண்ணை வைத்தால் ஒரு வேடிக்கையான கோளாறு வரும். மின்மினி ஒளிர்ந்ததும் அந்த ஒளி கசிந்து எல்டிஆரில் பட, அது விடிந்துவிட்டது என்று நினைத்து அணைக்கும்; அணைந்ததும் இருட்டு, மீண்டும் எரியும். இதைத் தவிர்க்க, எல்டிஆரைக் கருப்புத் தாள் குழலுக்குள் செருகி மரப்பொந்தின் வழியாக அறையை மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நிரலிலும் இரண்டு எல்லைகள் வேண்டும்: எடுத்துக்காட்டாக, அளவு 150-க்குக் கீழே போனால் இரவு, 250-ஐத் தாண்டினால்தான் பகல், இடையில் இருந்தால் முந்தைய நிலை தொடரும். விடிந்ததும் எல்லா முனைகளையும் உடனே அணைத்துவிடாமல், கடிகாரங்களை மட்டும் நிறுத்திவிட்டு எரிந்துகொண்டிருப்பவை தாமாக அணைய விடுங்கள்.

தொடு உணரிப் பலகையை நிலவின் நேர் பின்னால், அதன் தொடுபரப்பு தாளில் படும்படி டேப்பால் ஒட்ட வேண்டும். தாள் குறுக்கே இருந்தாலும் விரலை அது உணரும். நிலவைத் தொட்டதும் ஆறு கடிகாரங்களுக்கும் புதிய தற்செயல் எண்களைக் கொடுத்தால், ஒருசேர மின்னிக்கொண்டிருந்த காடு கலைந்து மறுபடி முதலிலிருந்து ஒத்திசைவைத் தேடத் தொடங்கும். மின்சாரம் கொடுக்கும் கணத்தில் இந்த உணரி சுற்றுப்புறத்தைத் தானே அளந்து பழகிக்கொள்வதால், அப்போது நிலவின் மேல் கை வைத்திருக்கக் கூடாது.

அடுக்குகளைச் சேர்த்தல்

மூலைக் குறிகளில் நான்கு குண்டூசிகளைச் செருகி மூன்று அடுக்குகளையும் நேராக்கி, ஓரங்களில் பைண்டர் கிளிப் போட்டு ஒருநாள் ஓட விடுங்கள். பசையை அதற்குப் பிறகும் தவிர்ப்பதே நல்லது. 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஷேடோ பாக்ஸ் சட்டகத்தில் வைத்துப் பின்பலகையால் அழுத்தினால் எல்லாம் இடத்தில் நிற்கும், எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். முன்னால் கண்ணாடி போட்டால் நிலவைத் தொட முடியாது என்பதால் கண்ணாடியில்லாமலே மாட்ட வேண்டியிருக்கும். தூசு படியும், அதற்கு ஒரு மெல்லிய தூரிகை போதும்.

ஏதாவது ஒரு மின்மினி எரியாவிட்டால் பெரும்பாலும் பற்றவைப்பில்தான் குறை இருக்கும். பாகத்தை இடுக்கியின் முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அப்போது எரிந்தால் அந்தக் கரையை மீண்டும் சூடாக்கினால் போதும். ஒரே முனையின் இரண்டும் எரியாவிட்டால் டேப் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது ஒயர் விட்டிருக்கலாம். கடலோர ஊர்களில் செம்பு சில மாதங்களில் கருத்துப்போகும். பற்றவைப்பு எல்லாம் முடிந்து, சோதித்தும் பார்த்த பிறகு, கோடுகளின் மேல் நிறமில்லாத நகப்பூச்சை ஒருமுறை தடவிவிட்டால் நீண்ட காலம் தாங்கும். ஓவியத்தைத் திருத்த வேண்டுமானால் அந்தத் தாளை வெளியே எடுத்துத்தான் திருத்த வேண்டும். ஈர வண்ணம் செம்பில் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும்.

இந்த மின்சுற்றுத் தாளை வேறு படத்துக்கும் பயன்படுத்தலாம். அதே 12 புள்ளிகளை வைத்துக்கொண்டு, மலையடிவார ஊரின் சன்னல்களாகவோ கார்த்திகை விளக்குகளாகவோ புதிய ஓவியம் தீட்டினால் மேல் தாளை மட்டும் மாற்றினால் போதும். சன்னல்களுக்கு ஊசித்துளை வேண்டாம். பின்பக்கக் கருப்பில் சதுர வடிவ வெற்றிடம் விடுங்கள். நிரலில் தள்ளும் பங்கைச் சுழியமாக்கி, ஒவ்வொரு கடிகாரத்தின் கால அளவையும் வெவ்வேறாக வையுங்கள். பச்சை எல்இடி மட்டும் அங்கே பொருந்தாது. முதலிலேயே அப்படி ஓர் எண்ணம் இருந்தால் வெதுவெதுப்பான வெள்ளை நிற எல்இடியை வாங்குங்கள்; அதற்கு 3 வோல்ட் அளவில் தேவைப்படுவதால் 470 ஓமுக்குப் பதிலாக 330 ஓம் மின்தடை போட வேண்டும்.